முதுமைக்கு மருந்துண்டா?

பாலைவனத்து அறபிகள் சிலர் ஒருமுறை அண்ணல் நபி (ஸல்) அவர்களின் அவைக்கு வந்தனர். நோயுற்றவர் மருந்து செய்துகொள்வது தகுமா என்பது அவர்கள் கேட்ட வினா. தாராளமாகச் செய்துகொள்ளலாம் என்றும், இறைவன் படைத்த நோய்கள் அனைத்துக்கும் மருந்தையும் படைத்திருக்கிறான், ஒன்று மட்டும் விலக்கு என்றும் பெருமானார் விடை பகர்ந்தார்கள். அந்த ஒன்று யாது என்று அவர்கள் மீண்டும் வினவ, முதுமை என்று கூறினார்கள். உஸாமா இப்னு ஷரீக் (ரலி) அறிவித்த இச்செய்தி அபூதாவூது, திர்மிதீ ஆகிய தொகுப்புகளில் இடம்பெற்றுள்ளது.

இந்நபிமொழியின் முற்பாதியை நாம் மேடைதோறும் கேட்கிறோம். மருத்துவமனைத் திறப்பு விழா எதுவும் அதனைச் சொல்லாமல் நிறைவு பெறுவதில்லை. பிற்பாதியைத்தான் ஏனோ விட்டுவிடுகிறோம். ஆனால் இஸ்லாமிய உலகின் பெரும் மருத்துவர்கள் அதனை விட்டுவிடவில்லை. முதுமைக்கு மருந்தில்லை என்றால் முதியவருக்கும் மருத்துவம் இல்லை என்றாகுமா? இவ்விரண்டும் வெவ்வேறு என்பதை அவர்கள் கண்டுகொண்டனர். அந்த வேறுபாட்டைப் பிற்கால உலகம் எப்படி மறந்தது, மறந்ததனால் எத்தகைய வேடிக்கைகளும் வேதனைகளும் விளைந்தன, பின்னர் எந்த வழியாக அதே இடத்துக்கு வந்து சேர்ந்தது என்பதே நாம் இங்கு எடுத்துரைக்க விழையும் வரலாறு.

இளமையை மீட்க வேண்டும் என்ற வேட்கை மனிதனோடு பிறந்தது. இஸ்கந்தர் மன்னர் இருளுலகம் புகுந்து உயிர்நீர்ச் சுனையைத் தேடியதாகவும், மன்னருக்குக் கிட்டாத அந்நீர் உடன்சென்ற கிள்று (அலை) அவர்களுக்குக் கிட்டியதாகவும் பாரசீகக் காவியங்கள் பாடின. படை நடத்திச் சென்றவருக்கு இல்லை, நாடாது நடந்தவருக்கு வாய்த்தது என்பது கதையின் சுவை. நம் தமிழகத்திலோ சித்தர்கள் காயகற்பம் பேசினர். இராமதேவர் என்ற சித்தர் மக்கா சென்று யாக்கோபு என்னும் பெயர் பூண்டார் என்பது சித்த மருத்துவ மரபில் வழங்கிவரும் செய்தி. அவர் பெயராலும் மருத்துவப் பாடல்கள் வழங்குகின்றன. கதையும் மரபும் அவ்வாறிருக்க, மருத்துவர்கள் என்ன செய்தனர் என்று பார்ப்போம்.

கிரேக்க மருத்துவர் ஜாலீனூஸ் கி.பி. இரண்டாம் நூற்றாண்டினர். உடல்நலம் பேணுவது பற்றி அவர் எழுதிய நூலில் முதியோர்க்கென ஒரு பகுதி உண்டு. அதில் இரண்டு கிழவர்களை அவர் நமக்கு அறிமுகப்படுத்துகிறார். ஒருவர் அந்தியோக்கஸ் என்ற மருத்துவர். எண்பது கடந்த பின்னும் நாள்தோறும் தம் இல்லத்திலிருந்து நகர மன்றத்துக்கு நடந்தே போய்வந்தவர். வழியில் நோயாளிகளையும் பார்த்தவர். தொலைவிலுள்ளோரிடம் செல்வதென்றால் மட்டும் பல்லக்கோ வண்டியோ ஏறியவர். காலையில் அவர் உண்டது வாட்டிய ரொட்டியும் தேனும். மற்றவர் தெலிபஸ் என்ற இலக்கண ஆசிரியர். நூறு வயதை நெருங்கி வாழ்ந்தவர். இவ்விருவரும் உயிர்நீர் பருகியவர்களல்லர். உண்பது, நடப்பது, குளிப்பது, உறங்குவது ஆகியவற்றில் ஓர் ஒழுங்கைக் கடைப்பிடித்தவர்கள், அவ்வளவே.

ஜாலீனூஸின் நூல்களைத் தேடித் தேடி அறபியிலும் சுரியானியிலும் பெயர்த்தவர் ஹுனைன் இப்னு இஸ்ஹாக். அப்பாஸியர் காலத்து பக்தாதில் வாழ்ந்து ஹிஜ்ரீ 260-இல் (கி.பி. 873) மறைந்தவர், சமயத்தால் கிறித்தவர். அவரும் அவரைச் சூழ்ந்தவர்களும் ஆக்கிய மொழிபெயர்ப்புகளே முஸ்லிம் மருத்துவர்களின் பாடப் புத்தகங்களாயின.

அடுத்த நூற்றாண்டில் கைரவான் நகரத்தில் இப்னுல் ஜஸ்ஸார் தோன்றினார். இன்றைய துனீசியாவில் உள்ளது அந்நகர். முதியோரின் மருத்துவத்தையும் அவர்தம் நலம் காத்தலையும் பற்றியே தனி நூலொன்று இவர் எழுதினார். மறதிக்கும் அதன் சிகிச்சைக்கும் வேறொரு நூல் எழுதினார். பயணிகளுக்கு ஒன்று, ஏழைகளுக்கு ஒன்று என மருத்துவ நூல்களை ஆளறிந்து எழுதியவர் அவர். தம் வீட்டு வாயிலில் ஒரு மருந்தறை அமைத்து, அங்குத் தம் பணியாளரை அமர்த்தி, மருந்து வழங்குவதையும் பொருள் பெறுவதையும் அவரிடமே விட்டுவிட்டாராம். நோயாளியின் கையிலிருந்து காசு வாங்குவது தமக்கு ஒவ்வாது என்பது காரணம். மறதி பற்றிய அந்நூலைப் பதினோராம் நூற்றாண்டில் ஆப்பிரிக்கக் கான்ஸ்டன்டைன் என்ற துறவி இலத்தீனில் பெயர்த்தார். ஐரோப்பியர் அதனைப் பல தலைமுறை படித்தனர். முதியவரின் மறதியைக் கேலிக்குரியதாகக் கருதாமல் கவனிப்புக்குரியதாகக் கருதிய மனம் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கைரவானில் இருந்தது.

இனி இப்னு சீனாவிடம் வருவோம். ஹிஜ்ரீ 370-இல் (கி.பி. 980) புகாராவுக்கு அருகே பிறந்த இப்பேரறிஞரின் ‘அல்கானூன்’ ஐந்து பாகங்கள் கொண்ட மருத்துவப் பெருங்கடல். அதன் முதற் பாகத்தில், உடல்நலம் காக்கும் பகுதியைத் தொடங்கும்போதே, அவர் ஓர் உண்மையை ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுகிறார். மருத்துவக் கலை எவரையும் மரணத்திலிருந்து காப்பதில்லை. ஒவ்வோர் உடலையும் மனித வாழ்வின் உச்ச எல்லை வரை கொண்டு செலுத்துவதாகவும் அது வாக்களிப்பதில்லை. உடலிலுள்ள இயற்கை ஈரம் கெட்டுப் போகாமலும் விரைந்து வற்றிப் போகாமலும் பார்த்துக்கொள்வதே அதன் பணி. இவ்விடத்தில் அவர் எடுத்தாளும் உவமை விளக்கு. எண்ணெய் வற்ற வற்றச் சுடர் சிறுக்கும். எண்ணெயில் நீர் கலந்தாலும் சுடர் அணையும். முதுமை அவ்வாறே வருகிறது என்பது அவர் கருத்து. வெப்பம், ஈரம் என்னும் அந்தப் பழைய உடலியல் இன்று நிலைபெறவில்லை. ஆயினும், மருத்துவம் எதனைச் செய்யும், எதனைச் செய்யாது என்று அவர் வகுத்த எல்லையை இன்றைய மருத்துவர் எவரும் மறுக்க மாட்டார்.

எல்லையை வகுத்துவிட்டு அவர் கைகட்டி நின்றுவிடவில்லை. முதியோர்க்கான நடைமுறை என்று தனி அத்தியாயங்கள் வகுக்கிறார். அவற்றைப் படிக்கும்போது, ஓர் அன்புள்ள மகன் தன் தந்தைக்குச் செய்ய வேண்டியவற்றைக் கேட்டுக் குறித்துக்கொண்ட தாள்போலத் தோன்றுகிறது. உணவைச் சிறுகச் சிறுக இரண்டு மூன்று வேளையாகப் பகிர்ந்து கொடுக்க வேண்டும். செரிக்கும் வயிறாயின் பால் நல்லது. தேனும் நல்லது. மலம் இறுகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்குக் கடும்பேதி வேண்டா, அத்திப்பழம் போன்றவையே போதும். எண்ணெய் பூசி மெல்லத் தேய்த்துவிட வேண்டும். அதுவும் உடல் தாங்குமளவுக்குத்தான். உறக்கம் நீண்டிருக்கலாம்.

உடற்பயிற்சியைப் பற்றி அவர் கூறுவது இன்னும் நுட்பமானது. எல்லா முதியவருக்கும் ஒரே பயிற்சி என்று அவர் விதிக்கவில்லை. தலைச்சுற்றல் உள்ளவர் தலையைத் தாழ்த்தும் பயிற்சியைத் தவிர்க்க வேண்டும். கால் நலிந்தவர் கையால் செய்யும் பயிற்சிகளைச் செய்யலாம்: துடுப்பு வலித்தல், கல் எறிதல், கனம் தூக்குதல். கிழவருக்குத் துடுப்பா, கல் தூக்குவதா என்று நமக்கு வியப்பாக இருக்கிறது. நலிந்த உறுப்புக்கு ஓய்வு கொடு, நலமான உறுப்பைச் சோம்பவிடாதே என்பது அவர் கொள்கை. இதில் ஒரு பாதியை இக்கால ஆய்வு மாற்றிவிட்டது. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

இவ்வளவும் எழுதிய இப்னு சீனா ஹிஜ்ரீ 428-இல் (கி.பி. 1037) ஹமதானில் மறைந்தபோது அவருக்கு அறுபதுகூட நிறையவில்லை. இரவெல்லாம் எழுத்தும், அமைச்சர் பொறுப்பும், ஓயாத பயணமும், கட்டுப்பாடற்ற வாழ்வும் அவரை வயிற்றுவலிக்கு இரையாக்கின என்பது அவர் மாணவர் ஜூஸ்ஜானீ எழுதிய வரலாற்றிலிருந்து தெரிகிறது. முதியோர்க்கென அவர் எழுதிய அத்தியாயம் அவருக்கே பயன்படாமற் போயிற்று.

உள்ளத்தையும் உடலையும் பேசினோம். தோற்றத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இளமையாய்த் தோன்ற விரும்புவது குற்றமா? மக்கா வெற்றியின்போது, ஹிஜ்ரீ 8-இல் (கி.பி. 630), ஹழ்ரத் அபூபக்கர் (ரலி) அவர்களின் தந்தை அபூகுஹாஃபா பெருமானார் முன் அழைத்துவரப் பட்டார்கள். அவர்களின் தலையும் தாடியும் வெண்மலர்ச் செடிபோல் நரைத்திருந்தன. அந்நரையை வேறு நிறத்தால் மாற்றுமாறும், கறுப்பைத் தவிர்க்குமாறும் பெருமானார் கூறியதாக முஸ்லிம் தொகுப்பில் காண்கிறோம். அபூபக்கர் (ரலி) அவர்களும் மருதோன்றியோடு கதம் என்னும் செடியின் தழையைக் கலந்து தோய்த்துக்கொண்டார்கள். கறுப்புச் சாயம் பற்றி மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேற்றுமை உண்டு. அதனுள் நாம் புகவில்லை. நாம் கவனிப்பது வேறொன்று. முதியவரின் தோற்றம் ஒரு பொருட்டே அன்று என்று அங்கு எவரும் ஒதுக்கவில்லை. அந்தப் பார்வையற்ற கிழவரின் தலைமுடியும் கவனிக்கப்பட்டது.

மருதோன்றியின் இடத்தை இரசாயனம் பிடித்தது இருபதாம் நூற்றாண்டில். 1907-இல் பாரிஸில் யூஜின் ஷுவெல்லர் என்ற இரசாயனர் முடிச்சாயம் செய்து விற்கத் தொடங்கினார். இன்று கடைகளில் கிடைக்கும் நிலைத்த கறுப்புச் சாயங்கள் பெரும்பாலானவற்றில் பாரா ஃபீனிலீன் டயமின் என்னும் பொருள் உண்டு. ஒவ்வாதவர்க்கு அது முகத்தை வீங்கச் செய்யும். தோலைக் கொப்புளிக்கச் செய்யும். ‘கறுப்பு மருதோன்றி’ என்று விற்கப்படும் கூழிலும் இதனைக் கலப்பதுண்டு. மருதோன்றி தானாகக் கறுப்பாவதில்லை என்பதை நம் வீட்டுப் பெண்மணிகள் அறிவார்கள். பெருநாள் அவசரத்தில்தான் அது மறந்துவிடுகிறது.

இதற்கிடையில் ஐரோப்பாவில் நடந்ததையும் பார்க்க வேண்டும். அல்கானூனைப் பன்னிரண்டாம் நூற்றாண்டில் தொலேதோ நகரில் கிரெமோனா ஜெரார்டு இலத்தீனாக்கினார். அதனையும் ஜாலீனூஸையும் ஆதாரமாகக் கொண்டு இத்தாலிய மருத்துவர் கபிரியேல் செர்பி முதியோர் பராமரிப்புக்கென்றே ஒரு நூல் எழுதி 1489-இல் ரோமில் அச்சிட்டார். அவர் முடிவு பரிதாபமானது. போஸ்னியாவில் இருந்த உதுமானியப் பாஷா ஒருவருக்கு மருத்துவம் செய்ய 1505-இல் அழைக்கப்பட்டார். பாஷா தேறிவிட்டார் என்று கருதிப் பெரும் பரிசுகளோடு புறப்பட்டார். அவர் ஊர் சேருமுன் பாஷா இறந்துபோகவே, பாஷாவின் ஆட்கள் துரத்திச் சென்று அவரைக் கொன்றனர்.

செர்பி வரை எல்லை காக்கப்பட்டது. முதியவரைப் பேணலாம், முதுமையைப் போக்கவியலாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், அறிவியலுக்கு எதுவும் இயலும் என்ற இறுமாப்பு ஓங்கியபோது, அவ்வெல்லை உடைந்தது.

உடைத்தவர் சாதாரண ஆளல்லர். நம் தமிழர் பலர் குடியேறி வாழும் மொரீசியஸ் தீவில் 1817-இல் பிறந்து, நரம்பியலில் பெரும்புகழ் பெற்ற பிரௌன் செக்கார் அவர். 1889 ஜூன் திங்களில் பாரிஸ் அறிஞர் அவையில் எழுந்து, 72 வயதான தாம், நாய், கினியாப் பன்றி ஆகியவற்றின் இனச்சுரப்பிச் சாற்றை ஊசிவழி ஏற்றிக்கொண்டதாகவும், இழந்த வலிமை மீண்டுவிட்டதாகவும், மாடிப்படிகளில் விரைந்தேறுவதாகவும் அறிவித்தார். செய்தி காட்டுத்தீயாகப் பரவ, சாற்றை விற்போரும் பெருகினர். பிரௌன் செக்கார் 1894-இல் இறந்தார். அவர் ஏற்றிக்கொண்ட சாற்றில் குறிப்பிடத்தக்க சத்து எதுவும் இருந்திருக்க முடியாது என்பது பின்னர் தெளிவாயிற்று. அவர் பொய் சொல்லவில்லை, நம்பினார். நம்பிக்கையே படியேறியது.

வியன்னாவின் ஸ்டைனாக் என்பவர் சுரப்பியின் குழாயைக் கட்டிவிட்டால் இளமை திரும்பும் என்றார். 1923-இல் உளவியல் மேதை ஃபிராய்டும், 1934-இல் அயர்லாந்துக் கவிஞர் யேட்ஸும் அந்த அறுவைக்கு உட்பட்டனர். எவ்வளவு கல்வியும் முதுமையின் அச்சத்திலிருந்து காப்பதில்லை போலும்!

இக்கூட்டத்தில் பெரும்பொருள் ஈட்டியவர் செர்கே வோரனாஃப். இரஷியாவில் பிறந்து பிரான்சில் பயின்ற இவர் 1896 முதல் 1910 வரை எகிப்தில் இருந்தார். கதீவின் மருத்துவராகவும் பணிபுரிந்தார். ஆண்மை நீக்கப்பெற்ற அந்தப்புரக் காவலர்களை அங்குக் கண்டு, அவர்கள் விரைவில் மூப்படைவதாக முடிவு செய்தார். அந்த முடிவின்மேல் கட்டிய கோபுரம்தான் குரங்குச் சுரப்பி வைத்தியம். 1920 ஜூன் 12-இல் குரங்கின் இனச்சுரப்பித் துண்டுகளை முதன்முதலாக மனிதருக்கு ஒட்டினார். செல்வர்கள் வரிசையில் நின்றனர். குரங்குகளை வளர்க்க இத்தாலிய எல்லையோரம் கோட்டை மாளிகை ஒன்றையே வைத்திருந்தார். அயல் உயிரியின் தசையை மனித உடல் ஏற்காது என்பதும், ஒட்டிய துண்டுகள் உள்ளுக்குள் கருகிப் போயின என்பதும் பிறகு விளங்கின. புகழ்ந்த வாய்களே எள்ளி நகையாடின. 1951-இல் அவர் இறந்தபோது உலகம் அவரை ஏறத்தாழ மறந்திருந்தது.

நம் நாடும் விலக்கன்று. காசிப் பல்கலைக்கழகம் கண்ட பண்டித மதன் மோகன் மாளவியா 1938-இல், தம் எழுபத்தாறாம் வயதில், தபஸி பாபா என்ற துறவியின் வழிகாட்டலில், இருள் சூழ்ந்த குடிலில் அடைபட்டுச் சுமார் 40 நாள் காயகற்பச் சிகிச்சை மேற்கொண்டார். நாடெங்கும் பத்திரிகைகள் ஆவலோடு எழுதின. முதுமை அவரை விட்டு நீங்கவில்லை. 1946-இல் அவர் மறைந்தார்.

ஆரவாரமின்றி வேறொரு வேலை அக்காலத்திலேயே நடந்துகொண்டிருந்தது. 1935-இல் இலண்டனுக்கு அருகே வெஸ்ட் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் மார்ஜரி வாரன் என்ற பெண் மருத்துவர், பக்கத்திலிருந்த ஏழையர் விடுதியின் நோயாளிகளையும் பொறுப்பேற்றார். எழுநூறுக்கு மேற்பட்டவர்கள், பலர் முதியவர்கள், ஆண்டுக்கணக்காகக் கட்டிலில் கிடந்தவர்கள். வயதாகிவிட்டது என்பதைத் தவிர அவர்களுக்கு வேறு நோய்க்குறிப்பே எழுதப்படவில்லை. வாரன் அவர்களை ஒவ்வொருவராகச் சோதித்தார். எழுப்பி உட்காரவைத்தார்; நிற்கவைத்தார்; நடக்கவைத்தார். பலர் எழுந்தனர். சிலர் வீடு திரும்பினர். அவர்களைக் கிடத்தியிருந்தது முதுமையன்று, கட்டில்தான். முதியோர் மருத்துவம் என்னும் தனித்துறை இங்கிலாந்தில் வேரூன்ற அவர் எழுத்துகளே காரணமாயின. இந்தியாவில் அத்துறைக்கு வித்திட்ட பெருமை நம் சென்னைக்கு உரியது. 1978-இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் டாக்டர் வி. எஸ். நடராசன் முதியோர்க்கெனப் புறநோயாளிப் பிரிவு தொடங்கினார். 1996-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் அதற்கு மேற்பட்டப் படிப்பும் வந்தது. 2024-இல் கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனை திறக்கப்பட்டது.

ஏழையர் விடுதியின் கட்டில் நம் இல்லங்களில் இல்லையா? இருக்கிறது, அன்பின் பெயரால் போடப்பட்டிருக்கிறது. கொழும்பிலும் மலாயாவிலும் கடை நடத்தி, கப்பலேறி இறங்கி, குடும்பத்தை நிமிர்த்திய தந்தை எழுபதைத் தொட்டதும், “வாப்பா, நீங்க இருங்க, கடைத்தெருவுக்கு நாங்க போறோம்” என்கிறோம். அம்மி அரைத்த தாயிடம், “உம்மா, நீங்க எந்திரிக்காதீங்க, தண்ணி நான் கொண்டாறேன்” என்கிறோம். மரியாதைதான், சந்தேகமில்லை. ஆறு திங்களில் அவர்கள் உண்மையிலேயே எழ இயலாதவர்களாகிறார்கள். வயதாகிவிட்டது, என்ன செய்வது என்கிறோம். பிறகு தெருவில் வரும் இளமை லேகியத்துக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கிறோம். அதில் எந்த உலோகம் கலந்திருக்கிறது என்று கேட்பதில்லை.

அறபியில் ஷைகு என்ற சொல்லுக்கு முதற்பொருள் வயது முதிர்ந்தவர் என்பதே. அதிலிருந்துதான் ஆசான், தலைவர், ஆன்மிக வழிகாட்டி ஆகிய பொருள்கள் கிளைத்தன. நாமும் பெரியவர் என்ற ஒரே சொல்லில் வயதையும் மதிப்பையும் அடக்கியிருக்கிறோம். மதிப்பு என்பது உட்கார வைப்பதுதான் என்று எப்போது முடிவு செய்தோமோ, தெரியவில்லை.

இப்னு சீனாவின் கருத்தில் ஒரு பாதியை ஆய்வு மாற்றியது என்றோமே, அதற்கு வருவோம். 1990-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து முதியோர் இல்லம் ஒன்றில், சராசரி வயது 90 உள்ள பத்துப் பேரைத் தேர்ந்து மருத்துவர்கள் ஒரு சோதனை நடத்தினர். நலமான உறுப்பையன்று, நலிந்துபோன கால்களையே பயிற்றினர். காலால் எடை தூக்கவைத்தனர். எட்டு வாரம். ஒருவர் இடையில் நின்றுவிட, ஒன்பது பேர் நிறைவு செய்தனர். கால்களின் வலிமை சராசரியாக 174 விழுக்காடு கூடியிருந்தது. தொடைத் தசையும் ஒன்பது விழுக்காடு பருத்திருந்தது. கைத்தடி ஊன்றி வந்தவர்களில் இருவர் தடியை விட்டுவிட்டனர். அவர்கள் எவரும் இளைஞராகிவிடவில்லை. தொண்ணூறு தொண்ணூறாகவே இருந்தது. பின்னர்ப் பயிற்சி நிறுத்தப்பட்டது. மீண்டும் பழையபடி நாற்காலி. நான்கே வாரத்தில், உச்ச வலிமையில் 32 விழுக்காடு போய்விட்டது.